இலந்தை இலை அடைத்த குழாய்

மகளே,

ஸலாம் சொல்லிவிட்டு நேரே குளியலறைக்குத்தான் வரப்போகிறேன். கல்யாணம் பேசி முடித்த பெண்ணுக்குத் தாய் எழுதுகிற கடிதத்தில் நகையைப் பற்றி இருக்கும், மாமியாரிடம் எப்படி நடந்துகொள்வது என்று இருக்கும், கொஞ்சம் கண்ணீரும் இருக்கும். இதில் அடைத்துக்கொண்ட ஒரு குழாய்தான் இருக்கிறது. நீ போன தடவை போனில் சொன்னது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. "அந்தக் குழாயா, நானான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க உம்மா" என்றாய். சொன்ன வேகத்தில் வைத்தும்விட்டாய். நான் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நான் ஒன்று சொல்ல நீ ஒன்பது சொல்லுவாய், கடைசியில் இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தாளில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். முழுவதும் படித்துவிட்டுப் பேசு.

இதை நீ சென்னையில் உன் ஹாஸ்டல் தோழிகளிடம் படித்துக் காட்டுவாய் என்று எனக்குத் தெரியும். நான் அனுப்புகிற வாட்ஸ்அப் செய்தியையே வட்டமாக உட்கார்ந்து படித்துச் சிரிக்கிற கூட்டம் அது. சிரிக்கட்டும். அவர்களுக்கும் புரியட்டும் என்று சிலதை விளக்கமாகவே எழுதுகிறேன். எங்கள் கீழக்கரையில் கல்யாணம் ஆனால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். தகப்பன்மார் கடல் தாண்டிப் போய்ச் சம்பாதிப்பதே மகளுக்கு ஒரு வீட்டை எழுப்பத்தான். உன் வாப்பாவும் அப்படித்தான் எழுப்பினார். கிழக்குப் பார்த்த அந்தப் பெரிய அறை, அதை ஒட்டிய குளியலறை, இரண்டும் உனக்கென்றே கட்டியவை. அங்கேதான் நீயும் மாப்பிள்ளையும் இருக்கவேண்டும். நீயோ அதில் காலை வைக்கமாட்டேன் என்கிறாய். ராமநாதபுரத்தில் வாடகைக்கு வீடு பார்க்கவும் சொல்லிவிட்டாய். மாப்பிள்ளை பாவம், காரணம் தெரியாமல் என் தம்பியிடம் வந்து, "நாங்க ஏதும் தப்பாப் பேசிட்டமா மாமா" என்று கேட்டிருக்கிறார். ஊர் என்ன சொல்லும் என்பதைக்கூட விட்டுத்தள்ளு. நீ வரவில்லையென்றால் இந்த வீட்டில் கடைசி வரைக்கும் நான் ஒருத்திதான். அது எனக்குப் பயமாக இருக்கிறது, அதை உன்னிடம் மறைப்பானேன்.

உன் வாப்பா ஷார்ஜாவில் என்ன வேலை பார்த்தார் என்பது உனக்கு வெகுநாள் தெரியாது. பில்டிங் மெயின்டனன்ஸ் என்று சொல்லுவார். நீயும் பள்ளிக்கூடத்தில் அதையே சொல்லிக்கொண்டு, டை கட்டிக்கொண்டு போகிற வேலை என்று நினைத்திருந்தாய். மாடி மாடியாக ஏறி, அடைத்துப்போன குளியலறைக் குழாய்களைத் திறந்துவிடுகிற வேலை அது. கம்பெனி கொடுக்கிற ஆசிட்டைத்தான் ஊற்றவேண்டும். ஒரு வீட்டில், இவர் போவதற்கு முன்னாலேயே அங்கே குடியிருந்தவர்கள் துணி வெளுக்கிற மருந்தைக் குழாயில் கொட்டி வைத்திருக்கிறார்கள். இவரிடம் சொல்லவில்லை. இவர் அதன் மேலேயே ஆசிட்டை ஊற்ற, இரண்டும் சேர்ந்து ஒரு புகை கிளம்பி, சன்னல் இல்லாத அந்தச் சின்ன அறையில் மூச்சு முட்டி விழுந்துவிட்டார். கூட வேலை பார்த்த மலையாளிப் பையன் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டிருக்கிறான். அன்றைக்குப் பிடித்த இருமல்தான் அது. ஊருக்கு வந்து எத்தனையோ டாக்டர் பார்த்தும் விடவில்லை. முதலில் சின்னதாக இரண்டு இருமல், அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு நீளமாக ஒன்று. தெருவில் வரும்போதே கேட்கும். நீ படித்துக்கொண்டிருக்கிற இடத்திலிருந்தே "வாப்பா வந்துட்டாக" என்பாய். நான் தண்ணீர் மொள்ளப் போவேன்.

ஊருக்கு வந்தவர் முதல் வேலையாக வீட்டில் ஆசிட் பாட்டில் நுழையக்கூடாது என்று சொல்லிவிட்டார். நான் சும்மா இருப்பேனா. "ஊரெல்லாம் அதத்தான் ஊத்துது. நம்ம வீட்டுக் குழாய்க்கு மட்டும் பன்னீரா தெளிக்கணும்?" என்று கேட்டேன். அவர் கைலியை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பிறகு ஒரு நாள் பின்வீட்டு லாத்தா, உன் தோழிகள் பாஷையில் அக்கா, அவர்கள் வீட்டுக் குழாயில் ஆசிட் ஊற்றினார்கள். அது வந்து விழுகிற வாய்க்கால் ஓரத்தில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், நீதான் முதலில் பார்த்துவிட்டு ஓடிவந்தாய். ஒரு குட்டிக்குப் பாதமும் வயிறும் வெந்துபோய், கத்தக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. உன் வாப்பா அதைக் கையில் ஏந்திக்கொண்டு, மேலே தண்ணீரை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டே இருந்தார். பிழைக்கவில்லை. தாய்ப்பூனை அந்த இடத்தையே சுற்றிக்கொண்டிருந்தது. அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார். "இந்தா புள்ள, வாயில வைக்கக்கூடியதத்தான் குழாயில ஊத்தணும். அந்தக் கடைசியில எதோட வாய் இருக்குன்னு நமக்குத் தெரியாதுல்ல." அதற்கப்புறம் நான் பன்னீர் பேச்சை எடுக்கவில்லை.

அதிலிருந்து நம் வீட்டில் குழாய் அடைத்தால் அடுப்படிச் சாமான்தான் மருந்து. நீ பன்னிரண்டாவது பாஸானதற்குத் தொதல் அல்வா கிண்டினோமே, அந்தச் சட்டியைப் பச்சைத் தண்ணீரில் கழுவி நான் பட்ட பாடு மறந்துவிட்டாயா? தேங்காய் எண்ணெயும் கருப்பட்டியும் குழாய்க்குள் போய் உறைந்து, அடுப்படி முழுக்கத் தண்ணீர். உன் வாப்பா கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். "கொதிக்கக் கொதிக்க ஊத்தாத புள்ள, பிளாஸ்டிக் குழாய் இளகிரும். கை பொறுக்குறதுக்குக் கொஞ்சம் மேல, அம்புட்டுத்தான்" என்றார். முதலில் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர், எண்ணெய்ப் பிசுக்குக்கு. பிறகு ஒரு கை ஆப்ப சோடாவைக் குழாய் வாயில் தூவி, அதன் மேல் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டு, நுரைத்துக்கொண்டு வரும்போது ஈரத்துணியால் பொத்திவிட வேண்டும். நிதானமாக ஒரு டீ குடித்துவிட்டு வந்து, சுடுதண்ணீரை மெல்ல விடவேண்டும். முடி சிக்கியிருந்தால் இது ஒன்றும் கேட்காது, விரலையோ வளைத்த கம்பியையோ விட்டுத்தான் எடுக்கவேண்டும். அங்கே அருவருப்புப் பார்க்கக்கூடாது. கடையில் வாங்கிய மருந்தை யாராவது முன்னால் ஊற்றியிருந்தால் அதன் மேல் எதையும் ஊற்றவே கூடாது. இதை மட்டும் மாப்பிள்ளைக்கும் சொல்லிவை. உன் வாப்பாவை அதுதான் தின்றது.

அவருடைய எலுமிச்சைத் தோல் பாட்டில்களையும் சொல்லியாக வேண்டும். சாறு பிழிந்த எலுமிச்சைத் தோல், சாத்துக்குடித் தோல், கொஞ்சம் வெல்லம், தண்ணீர் எல்லாம் போட்டு மூடி, தினமும் மூடியை லேசாகத் திறந்து காற்றை வெளியே விடுவார். மாதக்கணக்கில் ஊறினால்தான் அது குழாய்க்கு ஆகும். அதுவரைக்கும் வீடே கள்ளுக்கடை மாதிரி நாறும். "ஏங்க, பள்ளிவாசல்லருந்து யாராச்சும் வந்தா என்னங்க சொல்லுவீங்க" என்று கேட்டால், "குடிக்கிறது நான் இல்ல, குழாய்தான்னு சொல்லுவேன்" என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார், சிரித்தால் உடனே இருமல் வந்துவிடும். கடைசியாக அவர் ஒரு பாட்டில் போட்டு வைத்தார். அது ஊறி முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

அவர் மவுத்தான அன்று பெய்த மழையை நீயும் பார்த்தாய். சென்னையிலிருந்து காலையில் வந்து இறங்கியபோது உன் பர்தா முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. உன் தோழிகளுக்காக இதையும் சொல்கிறேன். எங்களில் மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, குளிப்பாட்டும்போது கொல்லையில் மறைப்புக் கட்டி, பலகைக்கு அடியில் ஒரு குழி தோண்டி வைப்பார்கள். குளிப்பாட்டிய தண்ணீர் அந்தக் குழியில்தான் இறங்கவேண்டும். பிறகு அதை மூடிவிடுவார்கள், யார் காலும் அதில் படக்கூடாது என்று. அன்றைக்குக் கொல்லையில் எங்கே மண்வெட்டியைப் போட்டாலும் தண்ணீர் ஊறிக்கொண்டு வந்தது. தோண்டத் தோண்டக் குழி தூர்ந்துபோனது. என் தம்பி, அதான் உன் மாமா, சொட்டச் சொட்ட வந்து நின்று, "லாத்தா, வேற வழி இல்ல. பாத்ரூம்லயே குளிப்பாட்டிருவோம்" என்றான். சரியென்று தலையை ஆட்டினேன். உனக்கென்று அவர் தன் கையால் டைல்ஸ் ஒட்டிய அறையில், அவரைப் படுக்கவைத்துக் குளிப்பாட்டினார்கள். இலந்தை இலையைக் கசக்கிப் போட்ட தண்ணீர், கடைசியில் கற்பூரம் கரைத்த தண்ணீர். நாம் இரண்டு பேரும் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, இறங்குகிற சத்தம் கேட்கவில்லை. இலையும் பஞ்சும் போய் அடைத்துக்கொண்டது. சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் போன பிறகு பார்த்தேன், அந்தத் தண்ணீர் அறையில் அப்படியே நின்றது. அன்று மாலைக்குள் மெல்ல மெல்லத்தான் வடிந்தது.

பிறகு நான் அந்தக் குளியலறையை ஒட்டிய உன் பெரிய அறையிலேயே இத்தா இருந்தேன், புருஷனை இழந்தவள் ஒதுங்கி இருக்கிற நாலு மாதம் பத்து நாள். வெளி ஆம்பளை யார் கண்ணிலும் படாமல், வாசலைத் தாண்டாமல், குளியலறைக் கதவைப் பார்த்தபடி. மழைக்காலத்தில் நம் ஊரில் நிலத்தடித் தண்ணீர் மேலே ஏறும் என்று உனக்குத் தெரியும். கடல் ஏறும்போதும் ஏறும். அப்போது கழிவுத் தண்ணீர் இறங்குகிற சோக்பிட் குழியில் இருக்கிற காற்றுக்குப் போக இடம் இருக்காது, குழாய் வழியாகத்தான் திரும்பி வரும். அடைப்பு இல்லாத குழாயில் அது தெரியாது. பாதி அடைத்த குழாயில் குமிழி குமிழியாக வரும். இதெல்லாம் எனக்கும் தெரியும், இருபது வருஷம் குழாய்க்காரரோடு குடும்பம் நடத்தியவள் நான். ஆனால் லுஹர் தொழுதுவிட்டு முஸல்லா விரிப்பை மடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், உள்ளேயிருந்து சின்னதாக இரண்டு இருமல் கேட்டது. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு நீளமாக ஒன்று. கூடவே கற்பூர வாசம் எழும்பி வந்தது. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆனாலும் வாய் அதுபாட்டுக்கு, "தண்ணி குடிங்களேன்" என்றது.

பழக்கம், வேறொன்றுமில்லை. சொன்ன பிறகுதான் சொன்னேன் என்றே தெரிந்தது. இரண்டாவது தடவை கேட்டபோது தெரிந்தே சொன்னேன். மூன்றாவது தடவையிலிருந்து பேச ஆரம்பித்துவிட்டேன். கறிக்காரன் இன்றைக்கு வரவில்லை, மோட்டார் மறுபடி மக்கர் பண்ணுகிறது, உங்கள் மகள் சரியாகச் சாப்பிடமாட்டேன் என்கிறாள், இப்படி. அவர் இருந்தபோதும் நான் பேசுவேன், அவர் இருமுவார். அதில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஒரு நாள் திரும்பிப் பார்க்கிறேன், நீ அறை வாசலில் நிற்கிறாய். கையில் எனக்குக் கொண்டுவந்த கஞ்சிக் கிண்ணம். "யார்ட்ட உம்மா பேசுறீங்க" என்று கேட்டாய். நான் "யார்ட்டயும் இல்லம்மா" என்றேன். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து இருமல் வந்தது. நான் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினேன். நீ அதைப் பார்த்துவிட்டாய். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனவள், அந்த வாரமே லீவு இல்லை என்று சொல்லிச் சென்னைக்குப் பஸ் ஏறினாய். அதற்குப் பிறகு பெருநாளுக்கு வந்தால்கூடக் காலையில் வந்து சாயங்காலம் போய்விடுகிறாய். உன் மாமா, குழாய்ச் சத்தத்துக்குப் பிள்ளை பயப்படுகிறது என்கிறான். உனக்குக் குழாயிடம் என்ன பயம், நீ குழாய்க்காரர் மகள். நீ பயந்தது என்னைப் பார்த்து. அது எனக்கு அன்றைக்கே தெரியும், ஆனாலும் என்னால் நிறுத்த முடியவில்லை.

குழாயைச் சரிசெய்ய ஆள் கூட்டிவருகிறேன் என்று உன் மாமா அப்போதே சொன்னான். இத்தாவில் இருக்கிறேன், ஆம்பளை ஆள் உள்ளே வரக்கூடாது என்றேன். இத்தா முடிந்தது. கடைகண்ணிக்குப் போகத் தொடங்கினேன். குழாயை மட்டும் விட்டுவிட்டேன். கொஞ்சம் தண்ணீர் வடியும், கொஞ்சம் நிற்கும், அவ்வளவில் வைத்துக்கொண்டேன். முழுக்க அடைத்தால் வழிந்துவிடும், முழுக்கத் திறந்தால் சத்தம் நின்றுவிடும். அந்த அளவு எனக்குக் கைவந்துவிட்டது. இதைப் பைத்தியம் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை அது ஒன்றுதான் இருந்தது.

நீ அந்தப் போனைப் பண்ணிய மறுநாள் உன் மாமா வந்தான். கையில் பச்சை மூடி போட்ட ஆசிட் பாட்டில். உன்னிடம் பேசிவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்று முகத்தைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. "தள்ளு லாத்தா. ஒரு நிமிச வேலை. ஊத்துனா எல்லாம் கரைஞ்சு போயிரும்" என்றான். நான் குளியலறை வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். "எது கரைஞ்சு போயிரும்?" என்று கேட்டேன். "உள்ள கிடக்குறது." "உள்ள என்ன கிடக்கு, சொல்லு பாப்போம்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். தன் கையால் தண்ணீர் ஊற்றியவன்தானே. "மச்சானைக் குளிப்பாட்டுன தண்ணில ஆசிட்டையா ஊத்தப் போற" என்று கேட்டேன். அவன் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவில் நின்றபடியே சொன்னான். "லாத்தா, மச்சான் போயிட்டாக. மக இருக்கா. வாரவளுக்கு வழி விடணும்ல." கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவன் கெஞ்சுகிற மாதிரி சொன்னான்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சுபுஹு தொழுதுவிட்டு, வெளிச்சம் வந்ததும், உன் வாப்பாவின் கடைசி பாட்டிலை எடுத்தேன். அது ஊறி முடிந்து வெகுகாலம் ஆகிவிட்டது, நான்தான் அலமாரிக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன். கம்பியை வளைத்துக்கொண்டேன், ஒரு வாளி சுடுதண்ணீர் வைத்தேன். உன் வாப்பா குழாயைத் திறப்பதற்கு முன்னால் விரலை மடக்கிச் சல்லடைத் தட்டில் தட்டுவார், நீ கவனித்திருப்பாய். உள்ளே பல்லியோ கரப்பானோ இருந்தால் ஓடிப்போய்ப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று. பிறகு பச்சைத் தண்ணீர் கொஞ்சம் விட்டு, காத்திருந்து, அதற்கப்புறம்தான் சூடானது எதையும் ஊற்றுவார். நானும் குந்தி உட்கார்ந்து விரலை மடக்கினேன். தட்டக் கை வரவில்லை. ஒரு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுக் காத்து நிற்கப்போகிற மாதிரி இருந்தது. தட்டினேன். பிறகு காத்துக்கொண்டும் இருந்தேன். யார் வருவார்கள் என்று இருந்தேனோ, போ.

சல்லடையைத் தூக்கிக் கம்பியை விட்டதும் முதலில் என் முடிதான் வந்தது, பாதி நரைத்தது. அதன் பின்னால் பஞ்சு, கறுத்துக் கெட்டியாகி. அதற்கும் அடியில் இலந்தை இலை. இலையெல்லாம் போய் நரம்பு மட்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்தது. கற்பூர வாசம் குப்பென்று ஏறியது. அத்தனையையும் ஒரு வெள்ளைத் துணியில் எடுத்து வைத்தேன். எடுத்துக்கொண்டே அவரிடம் சொன்னேன், ஆமாம், பேசினேன், கடைசியாகப் பேசிக்கொண்டேன் விடு. "ஏங்க, புள்ளைக்குக் கல்யாணங்க. அவ ரூமு அவளுக்கு வேணும்ங்க" என்றேன். அவர் ஊறவைத்த தண்ணீரை அவர் குழாயிலேயே ஊற்றிவிட்டு லுஹர் வரைக்கும் விட்டேன். தொழுதுவிட்டு வந்து சோடாவும் எலுமிச்சையும். நுரை பொங்கி வந்தபோது துணியால் பொத்திக்கொண்டு, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தேன். பிறகு சுடுதண்ணீரை மெல்லச் சாய்த்தேன். உள்ளே ஒரே ஒரு தடவை, நீளமாக, தொண்டையைச் செருமிக்கொள்கிற சத்தம் வந்தது. அதன் பிறகு தண்ணீர் நேராக இறங்கிப் போய்விட்டது. நான் பிடித்துக்கொள்ளவும் நேரம் இருக்கவில்லை, அப்படிப் போனது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் மவுத்தான அன்றுகூட அப்படி அழவில்லை.

துணியில் எடுத்து வைத்திருந்ததைக் கொல்லைக்குக் கொண்டுபோனேன். அப்போது மண் காய்ந்துதான் இருந்தது. மதிலோரம் யாரும் நடக்காத இடமாகப் பார்த்து, ஆழமாக ஒரு குழி தோண்டினேன். அன்றைக்குத் தோண்ட முடியாமல் போன குழிதான். உள்ளே வைத்து மூடி, ஸலாம் சொல்லிவிட்டு வந்தேன். நீ வரும்போது அந்த இடத்தைக் காட்டுகிறேன், மிதிக்காமல் இருந்துகொள். அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. மாப்பிள்ளைக்குத் தனியாக வாளி, கப்பு வாங்கி வைத்திருக்கிறேன், நீல நிறம், உனக்குப் பிடிக்காது, பரவாயில்லை. குளித்து முடித்ததும் உதிர்ந்த முடியை எடுத்துக் குப்பையில் போடு. உனக்கு முடி அதிகம். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பிடி சோடா, அரை மூடி எலுமிச்சை. இதை வைத்துக் குடும்பம் நடத்துவதற்கு ஏதோ பாடம் சொல்ல வருகிறேன் என்று நினைக்காதே. நான் குழாயைப் பற்றித்தான் சொல்கிறேன்.

சரிசெய்து கொஞ்ச நாள் வரைக்கும் மழையே இல்லை. அதனால் உனக்கு நிச்சயமாகச் சொல்ல முடியாமல் இருந்தேன். முந்தாநாள் காலையிலிருந்து நல்ல மழை, கடலும் ஏற்றம். அந்த அறையில் குளியலறைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்காகத்தான் காது கொடுத்தேன் என்று சொன்னால் அது பொய். மழை வலுத்தது, விட்டது, மறுபடி வலுத்தது. ஒரு சத்தமும் இல்லை. வாசமும் இல்லை. சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து சல்லடையைத் தூக்கி, முழங்கை வரைக்கும் கையை விட்டு, குழாய் வளைகிற இடம் வரைக்கும் விரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று சுத்தமாக இருந்தது. கையை எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

அங்கே யாரும் இல்லை, மகளே. நீ பயப்படாமல் வரலாம்.

உன் உம்மா